சுவருக்கு வாயும் உண்டு

அமெரிக்காவில் பாஸ்டன் நகரை ஒட்டி செஸ்ட்நட் ஹில் என்றொரு பகுதி. அங்கே பாஸ்டன் கல்லூரி இருக்கிறது. 1863-இல் இயேசு சபையினர் தொடங்கியது, பெயரில்தான் கல்லூரி, மற்றபடி முழுப் பல்கலைக்கழகம். அதன் மைய நூலகத்துக்கு டிப் ஓ'நீல் என்ற அரசியல்வாதியின் பெயர். அதே கல்லூரியில் படித்தவர், பிறகு அமெரிக்கக் கீழவையில் பத்தாண்டுகள் சபாநாயகராக இருந்தவர். 1984-இல் நூலகத்தைத் திறந்தபோது அவர் பதவியில்தான் இருந்தார். பதவியில் இருக்கும்போதே கட்டடத்துக்குப் பெயர் வைப்பதெல்லாம் நமக்குப் பழகிய விஷயம்தான், அதனால் மேலே போகலாம்.

அந்த நூலகத்தில் ஒரு சுவர் இருக்கிறது. மாணவர்கள் ஸ்டிக்கி நோட்டில் மனதில் பட்ட கேள்வியை எழுதி அதில் ஒட்டிவிட்டுப் போவார்கள். பெயர் போடவேண்டாம், துறை போடவேண்டாம், ஐடி கார்டு நம்பர் வேண்டாம். அப்புறம் பக்கத்திலேயே பதில் முளைக்கும். பதில் சொல்வது நூலகர் என்று யாரும் சொல்வதில்லை. சுவர் சொல்கிறது. தன்னைச் சுவர் என்றே நினைத்துக்கொண்டு, "நான்" என்று தன்மையில், நடக்க முடியாததையும் சாப்பிட முடியாததையும் காதலித்துப் பார்க்காததையும் ஒப்புக்கொண்டு பேசுகிறது. யார் எழுதுகிறார்கள் என்பதை வெளியே காட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறார்கள். சபாநாயகர் பெயர் வைத்த கட்டடத்தில் சுவர் மட்டும் வாய்மூடி இருக்குமா என்ன.

இதைப் பற்றி முதலில் படித்தபோது ஏதோ விளம்பர யுக்தி, நூலகத்துக்குப் பிள்ளைகளை இழுக்க ஒரு வேடிக்கை என்றுதான் நினைத்துக்கொண்டேன். சுவரின் கேள்வி பதில்களை இணையத்திலும் போட்டு வைத்திருக்கிறார்கள், ஒரு ராத்திரி உட்கார்ந்து படித்துக்கொண்டே போனேன். பரீட்சைப் பயம், காதல் தோல்வி, ரூம்மேட் தொல்லை, தனிமை, கடவுள், வெறும் குறும்பு, எல்லாம் கலந்து வருகிறது. குறும்புக் கேள்விக்குக் குறும்பாகவே பதில். ஆனால் அந்தக் குறும்புக்கு நடுவிலேயே ஒரு புத்தகத்தின் பெயர், அது இருக்கும் மாடி, அல்லது வளாகத்தில் எந்த அலுவலகத்துக்குப் போகவேண்டும் என்ற தகவல் வந்துவிடும். அட, இவர்கள் தங்கள் வேலையைத்தான் செய்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த வித்தை எப்படி என்று காட்ட, நானே ஒரு கேள்வியைக் கற்பனை செய்துகொள்கிறேன். யாரோ ஒரு பிள்ளை நவம்பர் மாத நள்ளிரவில் எழுதி ஒட்டியிருக்கிறது: "தூங்காமல் எத்தனை நாள் இருக்க முடியும்?" கூகுளைக் கேட்டால் ஒரு நொடி. சுவரைக் கேட்டால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "நான் 1984-இலிருந்து தூங்கவில்லை, ஆனால் எனக்குக் கண் இல்லை என்பதால் என்னைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சான் டியேகோவில் ரேண்டி கார்ட்னர் என்ற 17 வயதுப் பையன் பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்காக 11 நாள் விழித்திருந்தான், 1964 ஜனவரியில் அது முடிந்தது. கடைசி நாட்களில் அவனுக்கு ஞாபகமும் கவனமும் தடுமாறின. உங்களுக்கு நாளைக்கு இருப்பது அறிவியல் கண்காட்சி இல்லை, பரீட்சை என்றால் இப்போதே போய்ப் படுங்கள். தூக்கம் பற்றிய புத்தகங்கள் என்னை ஒட்டிய அலமாரியில் இருக்கின்றன, அவை காலையிலும் அங்கேயேதான் இருக்கும். பரீட்சை காரணம் இல்லை, பல நாளாகவே தூக்கம் வரவில்லை என்றால் ஆலோசனை மையம் காலையில் திறக்கும்."

கேட்டது ஒரு கேள்வி, பதில் இரண்டு கேள்விக்கு. நூலகவியல் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், வாசகர் முதலில் கேட்பது பெரும்பாலும் அவர் தேடி வந்த விஷயமாக இருக்காது என்பது அவர்களுக்கு ஆரம்பப் பாடம். "சட்டப் புத்தகம் இருக்கா?" என்று வருபவருக்குத் தேவை வாடகை ஒப்பந்தம் பற்றிய ஒரு பத்தி. "கெமிஸ்ட்ரி இருக்கா?" என்பவருக்கு வேண்டியது சட்டையில் பட்ட மைக்கறையை எடுக்கும் வழி. நாலு வார்த்தை பேச்சுக் கொடுத்து அந்த உள்கேள்வியை வெளியே வரவழைப்பதுதான் அந்தத் தொழிலின் சாமர்த்தியம். சுவருக்கு இந்த வசதி கிடையாது. சீட்டை ஒட்டியவர் போய்விட்டார். அவர் சிரித்துக்கொண்டே எழுதினாரா, அழுதுகொண்டே எழுதினாரா என்பது தெரியாது. அதனால் ஒரே பதிலில் இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதவேண்டியிருக்கிறது. சும்மா கேட்டவர் சிரித்துவிட்டுப் போகலாம், நிஜமாகவே கேட்டவர் அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம். பக்கத்தில் நிற்பவருக்கு இவர் எந்த வகை என்று தெரியாது. விளையாட்டுத் தொனி இல்லாமல் இதைச் செய்து பாருங்கள், முடியாது. "உங்களுக்கு மனச்சோர்வு இருக்கலாம்" என்று பொதுச் சுவரில் எழுதி ஒட்டினால் அந்தப் பிள்ளை மறுபடி அந்தப் பக்கமே வராது.

மாணவர்கள் ஏன் நேராகப் போய்க் கேட்பதில்லை என்பதற்கு ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. கான்ஸ்டன்ஸ் மெல்லன் என்பவர் 1986-இல் வெளியிட்டது. அமெரிக்கத் தென்பகுதிப் பல்கலைக்கழகம் ஒன்றில், நூலகத்தில் முதன்முதலாக ஆய்வுக்குத் தேடியபோது எப்படி இருந்தது என்று மாணவர்களையே எழுதச் சொல்லி அதைப் படித்துப் பார்த்தார். 75 முதல் 85 விழுக்காட்டினர் அதைப் பயம் என்ற வகையில்தான் எழுதியிருந்தார்கள். காரணங்களைப் பார்த்தால் நம் வீட்டுக் கதை மாதிரியே இருக்கிறது. மற்ற எல்லாருக்கும் தெரிகிறது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்ற எண்ணம். தெரியாதது வெட்கக்கேடு, மறைக்கவேண்டியது என்ற எண்ணம். கேட்டால் அந்த வெட்கம் ஊருக்குத் தெரிந்துவிடும், ஆகவே கேட்காமல் இருப்பதே மேல். நூலகத்துக்குள் போன பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இந்த மூன்றையும் சுமந்துகொண்டு நடந்திருக்கிறார்கள், அதுவும் கேட்டால் உதவி செய்யத் தனி மேசை போட்டு ஆளை உட்கார வைத்திருந்த நாட்டில்.

நான் படித்த கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். நூலகத்தில் ஒரு கம்பி வலை, அதில் ஒரு சதுர ஓட்டை, அந்தப் பக்கம் அட்டெண்டர். சீட்டில் புத்தகத்தின் எண்ணை எழுதி நீட்டவேண்டும், அவர் எடுத்துவந்து கொடுப்பார். அலமாரிப் பக்கம் நாங்கள் போகக்கூடாது. என் வகுப்புத் தோழி ஒருத்தி, மாதவிடாய் நாலைந்து மாதமாகச் சீராக இல்லை என்று மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தவள், பெண்கள் உடல்நலம் பற்றி மனையியல் துறைக்கு வாங்கியிருந்த புத்தகம் ஒன்றின் எண்ணை எப்படியோ கண்டுபிடித்து எழுதி நீட்டினாள். அவர் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீ காமர்ஸ் தானேம்மா? இந்தப் புக்கு எதுக்கு உனக்கு?" என்று கேட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். ஆனால் அவர் குரல் கம்பி வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் கேட்கவேண்டும் என்று பழகிய குரல். பின்னால் வரிசையில் பையன்கள். "அசைன்மென்ட்டுக்கு சார், பரவால்ல சார்" என்று சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதே நூலகத்தின் வாசலில் ஆலோசனைப் பெட்டி ஒன்று தொங்கியது. அதன் பூட்டு துருப்பிடித்து, சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல், பிள்ளைகள் சாக்லேட் பேப்பர் போடும் இடமாக இருந்தது.

பெயர் தெரியாமல் கேட்கலாம் என்பதன் அருமை அந்த மாதிரி இடத்தில் நின்றவர்களுக்குத்தான் புரியும்.

ஆனால் பெயரை மறைத்தால் மட்டும் போதாது என்பதற்கும் அமெரிக்கக் கல்லூரிகளே சாட்சி. 2013-இல் யிக் யாக் என்று ஒரு செயலி வந்தது. ஒரே வளாகத்தைச் சுற்றி இருப்பவர்கள் பெயர் இல்லாமல் எழுதிக்கொள்ளலாம், அவ்வளவுதான் அது. காட்டுத்தீயாகப் பரவியது. கூடவே வசவு, இனவெறி, பெண்களைப் பற்றிய அசிங்கம், வெடிகுண்டு மிரட்டல் வரைக்கும் போய், பல பள்ளிகளும் கல்லூரிகளும் தலையில் கைவைத்துக்கொண்டன. 2017-இல் மூடினார்கள், 2021-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதே வயதுப் பிள்ளைகள்தான், அதே முகமூடிதான். சுவரில் மட்டும் ஏன் அது நடக்கவில்லை என்றால், சுவரில் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கிறது என்பதுதான் என் கணிப்பு. நாளைக்குப் பொறுமையாகப் படித்து யாரோ பதில் எழுதப்போகிறார்கள் என்று தெரிந்தால் கை தானாகவே கொஞ்சம் அடங்குகிறது. கேட்பவனுக்குப் பெயர் இல்லை, சரி. பதில் சொல்பவருக்குப் பெயர் இல்லாவிட்டாலும் ஒரு குணம் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அதே குரல், அதே அசட்டு நகைச்சுவை, அதே பரிவு. மூன்று மாதம் போனால் அது மாணவர்களுக்குத் தெரிந்த ஆள் ஆகிவிடுகிறது.

பதில் சொல்பவரின் குணம்தான் எல்லாம் என்று 1876-லேயே ஒருவர் சொல்லிவிட்டார். சாமுவேல் ஸ்வெட் கிரீன் என்று பெயர், பாஸ்டனுக்கு மேற்கே வூஸ்டர் என்ற ஊரின் பொது நூலகர். நூலகர் புத்தகத்துக்குக் காவல்காரராக இருந்தால் போதாது, வருகிறவர்களிடம் முகம் கொடுத்துப் பேசவேண்டும், யாரும் கூச்சமில்லாமல் கேட்கிற மாதிரி இருக்கவேண்டும் என்று அந்த ஆண்டு எழுதினார். அதில் ஒரு இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒன்றும் வாங்காமல் வாடிக்கையாளர் வெளியே போவதைக் கடைக்காரர் எப்படிப் பொறுக்கமாட்டாரோ, அப்படி ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காமல் ஆள் வெளியே போவதை நூலகர் பொறுக்கக்கூடாது என்கிறார். தி.நகர் துணிக்கடைக்குள் போய்விட்டு வெறுங்கையோடு வெளியே வரப் பார்த்தவர்களுக்கு அவர் என்ன சொல்கிறார் என்று விளக்கவேண்டியதில்லை. இந்திய நூலகவியலின் தந்தை என்று சொல்லப்படும் நம் சீர்காழி ரங்கநாதன் பிறப்பதற்கு 16 ஆண்டுகளுக்கு முந்திய பேச்சு இது. ரங்கநாதன் 1931-இல் நூலகவியலுக்கான தன் ஐந்து விதிகளை எழுதியபோது வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பதை நான்காவதாக வைத்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக அவர் வந்தது 1924-இல். அதற்கு அப்புறமும் எத்தனையோ பத்தாண்டுகள் கழித்து என் தோழி கம்பி வலை முன்னால் நின்றாள் என்பதை நினைத்தால் எரிச்சலாகத்தான் வருகிறது.

நூலகத்தில் இப்படி எதையும் கேட்பது புதுப் பழக்கம் இல்லை. நியூயார்க் பொது நூலகத்தில் ஒரு பழைய பெட்டி கிடைத்தது. உள்ளே 1940-களிலிருந்து 80-கள் வரை வாசகர்கள் கேட்ட வினோதமான கேள்விகள், சிறு அட்டைகளில் தட்டச்சு செய்தவை. 2014 கடைசியில் ஒவ்வொன்றாக இன்ஸ்டாகிராமில் போட ஆரம்பித்தார்கள். 1944-இல் ஒருவர், தனி வீட்டில் ஆக்டோபஸ் வளர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். உலகப்போர் நடந்துகொண்டிருக்கிறது, மனுஷனுக்கு ஆக்டோபஸ் கவலை. 1947-இல் ஒருவர், கனவில் யானை துரத்தினால் என்ன அர்த்தம் என்கிறார் (நம் ஊர் பஞ்சாங்கத்தில் பதில் இருக்கும்). 1976-இல் ஒருவர், 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய ஓவியங்களில் ஏன் இத்தனை அணில்கள், ஓவியரைக் கடிக்காமல் அவற்றை எப்படிப் பழக்கினார்கள் என்று கேட்கிறார். இது கொஞ்சமும் முட்டாள்தனமான கேள்வி இல்லை. அந்தக் காலத்தில் வசதியான வீடுகளில் அணிலைச் செல்லப்பிராணியாக வளர்த்தார்கள், சின்னச் சங்கிலி கூடப் போட்டிருப்பார்கள், ஓவியங்களைப் பார்த்தால் தெரியும். கேட்டவர் நம்மைவிடக் கவனமாகப் பார்த்திருக்கிறார்.

அந்தப் பெட்டியில் நான் அதிகம் சிரித்தது தபால்தலை அட்டைக்கு. ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, பசையோடு சேர்த்து ஒரு அமெரிக்கத் தபால்தலையின் தடிமன் என்ன என்று கேட்கிறார். அதை உடனே சொல்ல முடியாது, நீங்கள் தபால் நிலையத்தைக் கேட்டால் என்ன என்கிறார் நூலகர். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வருகிறது: "இது தபால் நிலையம்தான்."

இந்த அட்டைகளுக்கும் பாஸ்டன் சுவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அட்டைகள் ஊழியர்களின் அறையில் இருந்தவை. கேட்டவருக்கு மரியாதையாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டு, அப்புறம் தங்களுக்குள் சிரித்துக்கொள்ள எடுத்து வைத்தவை. அதில் தப்பு ஒன்றும் இல்லை, எந்த அலுவலகத்தில்தான் அது நடக்கவில்லை. சுவரில் சிரிப்பு கேட்டவருக்கு முன்னாலேயே நடக்கிறது, அவரும் சேர்ந்து சிரிக்கலாம். ஆனால் அப்படிச் செய்யும்போது கத்தி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில் ரொம்ப ஜாக்கிரதை வேண்டும். சுவர் கேலி செய்வது பெரும்பாலும் தன்னைத்தான். எனக்குக் கால் இல்லை, எனக்கு வயிறு இல்லை, நான் ஒரு முறைகூட டேட்டிங் போனதில்லை. கேள்வியைக் கேலி செய்யாது. சுவர் என்ற வேஷம் எதற்குப் போட்டார்கள் என்பதே எனக்கு இங்கேதான் பிடிபட்டது. ஒரு நூலகர் தன்னைக் கேலி செய்துகொண்டால் கொஞ்சம் செயற்கையாக இருக்கும், சம்பளம் வாங்குபவர், அதிகாரம் உள்ளவர். சுவரைவிடக் கீழே யாரும் இல்லை. அதனிடம் தெரியாததைக் கேட்பதில் என்ன வெட்கம்?

கார்னெல் பல்கலைக்கழகம் இதையே 1986-இல் கணினியில் செய்து பார்த்தது. "அன்புள்ள எஸ்ரா மாமா" என்று வைத்துக்கொள்ளுங்கள், பல்கலைக்கழகத்தை நிறுவிய எஸ்ரா கார்னெலின் பெயரில் ஒரு பதில் பகுதி. வளாகத்தில் இருந்த கணினி முனையங்களிலிருந்து பெயர் இல்லாமல் கேட்கலாம், எஸ்ரா மாமா பதில் எழுதுவார். உலகளாவிய வலை பிறப்பதற்கு முன்பே இது நடந்தது. அதை ஆரம்பித்த இருவரில் ஒருவர் கணினித் துறையைச் சேர்ந்தவர், மற்றவர் மாணவர் மனநல ஆலோசனைப் பிரிவின் தலைவர். அந்த இரண்டாவது ஆளைக் கவனியுங்கள். தன் அறைக் கதவைத் தட்டத் தயங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று அவருக்குத்தான் தெரிந்திருக்கும். அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் இன்னொரு வகை. 1953-இலிருந்து ஒரு தொலைபேசி எண், ஜேம்ஸ் ஃபாய் என்ற மாணவர் நலத் தலைவர் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், மேசையில் இருக்கும் மாணவர்கள் தேடிப் பார்த்துச் சொல்வார்கள். கையில் கூகுள் இருக்கிற இந்தக் காலத்திலும் அழைப்பு வருகிறது.

நமக்கும் கேள்வி பதில் என்றால் உயிர்தான். குமுதத்தின் அரசு பதில்களைக் கடைசிப் பக்கத்திலிருந்து புத்தகத்தைத் திறந்து தேடியவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அரசு என்பது யார் என்று எங்கள் வீட்டில் சண்டையே நடக்கும். அங்கே பதில் சொல்பவர்தான் முகமூடிக்குள் இருந்தார், கேட்பவர் பெயரும் ஊரும் அச்சில் வரும். அது வருவதற்காகவே கேள்வி எழுதிய ஆட்கள் உண்டு, என் பெரியப்பா ஒருவர் அஞ்சலட்டை வாங்கியே சொத்தை அழித்தார் என்று பெரியம்மா சொல்லுவார். பெயர் அச்சில் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறவர் தன்னை உறுத்துவதைக் கேட்கமாட்டார். புத்திசாலித்தனமாகத் தெரிகிற ஒன்றைத்தான் கேட்பார். அதனால் அந்தப் பகுதிகளில் நடிகை, அரசியல், தத்துவம் எல்லாம் சக்கைப்போடு போட்டன. ராத்திரி தூக்கம் வராத பெண் டாக்டர் பதில்கள் பக்கத்துக்குத்தான் எழுதினாள், அங்கே மட்டும் "பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி" என்று வரும். அங்கே நகைச்சுவைக்கு இடமில்லை. சிரிப்பு ஒரு பக்கம், வலி ஒரு பக்கம் என்று பிரித்துவைத்துவிட்டோம். பாஸ்டன்காரர்கள் இரண்டையும் ஒரே சுவரில் ஒட்டுகிறார்கள்.

இதெல்லாம் இனி எதற்கு, சாட்ஜிபிடியைக் கேட்டால் பெயரும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம் என்று என் மகன் சொல்கிறான். நியாயமான பேச்சு. ஆனால் அங்கே கேள்வி கேட்டது நீ ஒருவன்தான், பதிலைப் படித்ததும் நீ ஒருவன்தான். சுவரில் ஒருத்தி எழுதிய கேள்வியை அந்தப் பக்கம் போகும் நூறு பேர் படிக்கிறார்கள். அந்த நூறில் பத்துப் பேருக்கு அதே கேள்வி இருக்கும், அவர்கள் சீட்டே எழுதவில்லை, ஆனாலும் பதில் கிடைத்துவிட்டது. அதைவிடப் பெரிய விஷயம், எனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்று மெல்லனின் மாணவர்கள் நினைத்தார்களே, அந்த நினைப்பு அந்த இடத்திலேயே உடைகிறது. இந்த ஒரு வேலையைத் தனியறையில் ஒளிரும் திரை செய்யாது.

போன வருஷம் இதையெல்லாம் என் சிநேகிதியிடம் சொன்னேன். மேற்கு மாவட்டம் ஒன்றில் கலை அறிவியல் கல்லூரியில் நூலகராக இருக்கிறாள். "அடி போடி, எனக்கு இருக்கிற வேலைக்குச் சுவரோட வேற பேசணுமா" என்றாள். கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வருகிறதாம், வருகைப் பதிவேட்டைச் சரிபார்க்கவேண்டுமாம், கல்லூரிகளுக்கான மின்னூல் தளமான என்-லிஸ்ட்டில் யார் யார் நுழைந்தார்கள் என்று கணக்குக் காட்டவேண்டுமாம். பிள்ளைகள் நூலகத்துக்கு வருவதே கேட்டில் கையெழுத்துப் போடத்தான் என்று அலுத்துக்கொண்டாள். அத்தோடு பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவளே கூப்பிட்டாள். நூலகத்தின் நுழைவாயிலில், புத்தக விவர அட்டைகளை அடுக்கி வைத்த பழைய கேட்லாக் பெட்டி ஒன்று கிடக்கிறதாம், சின்னச் சின்ன இழுப்பறைகளோடு, தேக்கு மரம். எல்லாம் கணினிக்குப் போன பிறகு அதைத் தொட ஆளில்லை, காயலான் கடைக்குப் போடவும் மேலிடத்தின் அனுமதி வேண்டும். அதன் மேல் ஒரு அட்டையை வைத்து எழுதியிருக்கிறாள்: "எனக்கு வேலை போய்விட்டது. சும்மா இருக்க முடியவில்லை. ஏதாவது கேளுங்கள். இழுப்பறையில் போடுங்கள். இப்படிக்கு, பெட்டி." அந்த அட்டையின் கீழேயே 14416 என்று அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸின் எண்ணையும் எழுதி, இதற்கு மட்டும் பெட்டி ஜோக் அடிக்காது என்று ஒரு வரி.

முதல் வாரம் முழுக்க ஃபேன், தண்ணீர், வைஃபை. எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாள். மூன்றாவது ஃபேன் பற்றி வந்த புகாருக்கு, "எனக்கு வியர்க்காது, ஆனாலும் உங்களுக்காக அலுவலகத்துக்குக் கடிதம் போயிருக்கிறது, நகல் இதோ" என்று நிஜமாகவே கடிதத்தின் நகலை ஒட்டிவிட்டாள். ஃபேன் சுற்றிய பிறகுதான் மற்ற கேள்விகள் வர ஆரம்பித்தன என்றாள். இங்கிலீஷ் பேச வராவிட்டால் வேலை கிடைக்காதா? அப்பாவுக்குத் தெரியாமல் கோர்ஸ் மாற்ற முடியுமா? ஒன்றில் வெறும் "போர் அடிக்குது" என்று மட்டும் இருந்ததாம், அதற்குத்தான் அதிக நேரம் யோசித்தாளாம். என்ன எழுதினாய் என்று கேட்டேன். 894.811-க்குப் போ, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவு, பத்துப் பக்கத்தில் பிடிக்கவில்லை என்றால் என்னிடமே திட்டிச் சீட்டு எழுது என்று எழுதினாளாம். புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்கும் நூலக எண்களில், அந்த எண்ணில்தான் தமிழ் இலக்கியம் இருக்கிறது. திட்டி ஒரு சீட்டு வந்ததாம், நாவலின் பெயரைக் குறிப்பிட்டு, ஏழாம் பக்கத்திலேயே தூக்கம் வந்துவிட்டது என்று.

போன மாதம் கூப்பிட்டவள், "ஏய், ஒரு கேள்விக்கு நீ பதில் எழுதிக் கொடு, எனக்குச் சிரிப்புதான் வருது, எழுத வரல" என்றாள். சீட்டில் இருந்தது: "ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பு எங்கே?" போனிலேயே இருவருமாகச் சேர்ந்து எழுதினோம். வார்டனைக் குத்துகிற மாதிரி ஒரு வரியை நான் சொன்னேன், அவள் வேண்டாம் என்றுவிட்டாள். கடைசியில் ஒட்டியது இது:

"நான் மரப்பெட்டி. எனக்கு சாம்பார் ஊற்றினால் உப்பிவிடுவேன், ஆகவே ருசி பார்த்துச் சொல்ல முடியவில்லை. சமையல் புத்தகங்கள் 641.5-இல் இருக்கின்றன, நூறு பேருக்குச் சமைக்கும் அளவுகள் அதிலேயே 641.57-இல். பருப்பு காணாமல் போனதாகவே நீங்கள் உறுதியாக நம்பினால் துப்பறியும் முறைகளுக்கு 363.25 பார்க்கவும். ஹாஸ்டல் மெஸ் கமிட்டியில் மாணவர் பிரதிநிதிகளும் உண்டு, யார் என்று அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. இப்படிக்கு, பெட்டி."

மறுநாள் வார்டன் அம்மா நூலகத்துக்கு வந்து, பதிலை நின்று படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் 641.57-இலிருந்து ஒரு புத்தகத்தைத் தன் பெயரில் எடுத்துக்கொண்டு போனாராம். சாம்பார் மாறியதா என்று நேற்று கேட்டேன். இன்னும் இல்லையாம், புத்தகத்துக்குத் தவணை முடிந்து ஃபைன் ஓடிக்கொண்டிருக்கிறதாம்.